விலை தாழ்ந்த சொல்

கடைத்தெருவில் இன்று தமிழர் வாயில் மிகுதியாக அடிபடும் ஆங்கிலச் சொற்களுள் 'சீப்' என்பது ஒன்று. துணி வாங்கினும் 'சீப்', காய் வாங்கினும் 'சீப்'. மாந்தரை இகழ்தற்கும் அதுவே! அச்சொல்லின் வரலாற்றை அறிவார், தமிழ்ச்சொற்களை நெருங்கி நிற்கும் கேட்டையும் உடன் அறிவர்.

'சீப்' தொடக்கத்தில் குறைந்த விலையைக் குறித்த சொல்லன்று. பழைய ஆங்கிலத்தில் அது வாணிகம், கொடுக்கல் வாங்கல், விலை, சரக்கு ஆகிய அனைத்தையும் தழுவிய பெருஞ்சொல். சிறு வணிகனையும் விடுதி நடத்துவோனையும் குறித்த 'காவுப்போ' என்னும் இலத்தீன் சொல்லினின்று செருமானிய இனத்தார் மிகப் பழங்காலத்திலேயே கடன்கொண்டது அது என்பர் மொழிநூலார். தென்மார்க்கின் தலைநகராகிய கோபனேகன் 'வணிகர் துறைமுகம்' எனப் பொருள்படுவதும் அவ்வுறவாலேயே. இலண்டன் மாநகரில் 'சீப்சைடு' என்றொரு தெரு உண்டு. விலை குறைந்த தெரு என்பது அதன் பொருளன்று. அங்காடித் தெரு என்பதே பொருள். அதன் கிளைத்தெருக்கள் பால், தேன் என அங்கு விற்ற பொருள்களின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன.

இத்துணைப் பெருஞ்சொல் சிறுத்தது எங்ஙனம்? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆள்வோர் மொழியாகப் பிரெஞ்சு அமர்ந்தது. விலைக்கும், வணிகனுக்கும், விலைபேசுதற்கும் பிரெஞ்சு வழிச் சொற்களே நாளடைவில் பெயராயின. பழஞ்சொல் ஒவ்வோர் இடமாக விட்டு ஒதுங்கிற்று. 'நல்ல வாணிகம்' எனப் பொருள்படும் தொடரொன்றில், வாங்குவோர்க்கு ஊதியமான விலை என்னும் கருத்தில் அது எஞ்சி நின்றது. 16-ஆம் நூற்றாண்டளவில் 'நல்ல' என்னும் அடையும் உதிர, குறைந்த விலை என்பதே அதன் பொருளாயிற்று. அந்நூற்றாண்டு முடியுமுன் 'மதிப்பற்றது' என்னும் இழிபொருளும் வந்து ஒட்டிற்று. அங்காடி முழுவதையும் ஆண்ட சொல், அதன் மூலையொன்றில் ஏளனத்திற்கு உரியதாய் நின்றது!

இவ்வீழ்ச்சி தமிழுக்கும் புதிதன்று. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்', 'வாசனை' வழக்கேறியபின் தீமணத்தைக் குறிக்கலாயிற்று. 'சாதம்' பந்தியேறவே, 'சோறு' தாழ்ந்த சொல்லென எண்ணப்பட்டது. அவ்வரிசையில் அடுத்து நிற்பது 'மலிவு'. மலிதலாவது நிறைதல், மிகுதல். விளைவு மலிந்தால் விலை தாழும். ஆகலின் 'மலிவு' என்னும் சொல் விலைக்குறைவை மட்டுமன்றி, அது குறைந்த கரணியத்தையும் உடன் உரைக்கின்றது. அதன் மறுதலை 'அருவிலை'. பொருள் அரிதாயின் விலை ஏறும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. இத்தகு விளக்கம் 'சீப்' என்னும் சொல்லில் உண்டோ?

அயற்சொல்லுக்கு இடம் விட்ட சொல் உடனே சாவதில்லை. முதலில் சுருங்கும், பின்னர் இழிவுறும், அதன் பின்னரே மறையும். ஆங்கிலத்தின் பட்டறிவு இது. 'மலிவு' எனச் சொல்லுதற்குத் தமிழனுக்குச் செலவொன்றும் இல்லை. சொல்லாது விடுவதால் வரும் இழப்போ பெரிது. தமிழர் நாளையே கடைத்தெருவில் தொடங்குக!