கோழிக்கூட்டுக்குத் தகரச் சுவர் வேண்டாம்

பங்குனி, சித்திரையில் களியக்காவிளை பக்கம் வெயிலைவிடப் புழுக்கமே கொடியது. இங்கு வீட்டு விளையில் ஐந்து, பத்துக் கோழிகள் வளர்ப்போர் அநேகர். முட்டை விற்ற காசு பெரும்பாலும் பெண்களின் கைச்செலவுக்கு உதவுகிறது. நாலு கோழி மடிந்தாலும் அவர்களுக்கு அது சிறு நஷ்டமல்ல.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அதன் உடல் வெப்பம் சாதாரணமாகவே சுமார் 41 டிகிரி செல்சியஸ். வெப்பம் மிகும்போது வாயைத் திறந்து இளைத்து, ஈரத்தை ஆவியாக்கியே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் இந்த வழியும் அடைபட்டுப் போகிறது. தீனி எடுப்பது குறையும். முட்டை ஓடு மெலியும். முற்றினால் கோழி சாகும். நாமக்கல் போன்ற வறண்ட பகுதிப் பண்ணைகளுக்கு ஏற்ற நீர்த்தெளிப்பு இங்கே அதே பலனைத் தராது. காற்றோட்டமில்லாத கூட்டில் நீர் தெளித்தால் புழுக்கம் கூடுவதே மிச்சம்.

நாய், கீரி, மரநாய்க்கு அஞ்சிப் பலர் கூட்டின் நாற்புறமும் தகரம் அடித்துவிடுகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆனால் வெயிலில் அந்தக் கூடு அடுப்பாகிவிடும். பக்கங்களுக்குக் கெட்டியான கம்பிவலை போதும். பகையைத் தடுக்கும், காற்றையும் விடும். தகரக் கூரை இருந்தால் பிரிக்க வேண்டியதில்லை. முடைந்த தென்னை ஓலையை மேலே பரப்பலாம். அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். புதிதாகக் கூடு அமைப்போர் மர நிழலில், நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கும்படி அமைப்பது நலம்.

தீனி செரிக்கும்போதும் உடலில் சூடு உண்டாகும். ஆகவே தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் இட வேண்டும். கோடையில் கோழி ஏறக்குறைய இருமடங்கு தண்ணீர் குடிக்கும். மண்சட்டிகளை நிழலில் வைத்து, நண்பகலில் தண்ணீரை மாற்றுவது அவசியம். தடுப்பூசி போடுவதையும் சந்தைக்குப் பிடிப்பதையும் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

திருவனந்தபுரம் பகுதியில் பெயர்பெற்ற, கழுத்தில் இறகற்ற நாட்டுக்கோழியை அழகில்லை என்று ஒதுக்குவோர் உண்டு. அது தவறு. இறகு குறைவாதலால் அதன் உடற்சூடு எளிதில் வெளியேறும், கோடையைத் தாங்கும்.

விசிறியும் மருந்தும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிழல், காற்று, தண்ணீர் ஆகிய மூன்றுக்கும் விளையில் குறைவில்லை. அவற்றைக் கூட்டுக்குள் சேர்ப்பதே வளர்ப்போரின் முதல் வேலை.