பேரனுக்குத் தாத்தா பெயர் ஆகாதா?

வீரசோழன் சந்தைக்கு ஆடு பிடித்துவரும் பெரியவர்களிடம் பெயரைக் கேளுங்கள். சோணைமுத்து, இருளாண்டி, சிக்கந்தர், நாகூர் மீரான் என்பார்கள். குலசாமி எது, எந்தத் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவர் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளோ ரித்விக், யாஷிகா, அயான். இதே பெயர்கள்தான் ஹைதராபாத்திலும் புனேயிலும். சுப்பாராவ் என்றால் தெலுங்கர், பிஜு என்றால் மலையாளி, மாரிமுத்து என்றால் நம்மாள் என்றிருந்த காலம் போய்விட்டது.

பெயர் மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மரியாதையான பெயர் வைக்கவே விடாமல் அடக்கி வைக்கப்பட்டவர்கள், தம் பிள்ளைக்குப் பிடித்த பெயரைச் சூட்டுவது நியாயம். அதில் வாய் வைக்க எவருக்கும் உரிமையில்லை. என் கோபமெல்லாம், நட்சத்திர எழுத்தில் வைக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்ற நம்பிக்கையின் மேல்தான்.

அந்த எழுத்துகளைச் சற்று பாருங்கள். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. திருவாதிரையில் 'ங' வரும், அஸ்தத்தில் 'ண' வரும். 'ண'வில் தொடங்கும் தமிழ்ச்சொல் ஒன்று உண்டா? வேறொரு மொழியின் ஒலிகளுக்காகப் போட்ட கட்டம் அது. அதில் நம் பிள்ளையை அடைக்கப் பார்த்தால் ஷ, ஹ, ஜ என்று ஓட வேண்டியதுதான். எண்கணிதம் இன்னும் மோசம். சீரோ என்ற அயர்லாந்துக்காரர் பரப்பிய கணக்கில், ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்புப் போட்டு, கூட்டல் சரிவராவிட்டால் எழுத்தைக் கூட்டுகிறார்கள். தமிழில் கூப்பிடும் பெயருக்கு அந்தக் கூட்டல் எதற்கு?

நம் வழக்கத்துக்கு ஜாதகக் கட்டம் தேவைப்படவில்லை. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அவனைத்தான் பேரன் என்கிறோம். பெயர்த்தி, பேத்தி ஆனாள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால், அதே பெயர் கொண்ட மகனை 'ராசா', 'அய்யா' என்று செல்லமாக அழைத்த தாய்மார்கள் இந்தச் சீமையில் எத்தனையோ பேர். செத்த தாத்தா வீட்டுக்குள் திரும்பி நடமாடினார்.

பக்கத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் பிறந்தவர் ரமணர். அவரைப் பெற்றவள் பெயர் அழகம்மாள். திருவண்ணாமலையில் அவள் சமாதி மேல் கோயிலே எழுந்திருக்கிறது. அந்தப் பெயரை 'பட்டிக்காட்டுப் பேரு' என்று சொல்லி இன்றைய பெண்குழந்தைக்கு மறுக்கிறோமே, நெஞ்சு பொறுக்கவில்லை.

அவசரம் என்றும் சொல்ல முடியாது. பிறப்புப் பதிவில் 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம்; தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடமுண்டு. ஜோசியரிடம் போகுமுன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவிடம், அவள் அம்மா பெயர் என்னவென்று கேளுங்கள்.