குப்பியை உடைத்தது யார்?

சென்ற வாரம் அடுத்த வீட்டில் ஒரே அமர்க்களம். விருந்தாளிகளுக்குச் சில்லென்று கொடுக்க வேண்டுமென்று, மாமி ஒரு கண்ணாடிக் குப்பி நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுகத் திருகி, இரவே பிரீசரில் வைத்திருந்தாள். காலையில் திறந்தால் குப்பி விரிந்து கிடக்கிறது. பழி விழுந்தது, பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் தலையில்! குப்பியின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக் கொள்ளப் போவதாகவும் தீர்ப்பாகிவிட்டது. "நான் தொடவேயில்லை, அம்மா" என்று அவள் கண்ணைக் கசக்கினாள்.

அவள் சொன்னது நிஜம். குற்றவாளி தண்ணீர்தான்.

"ஏன், மார்கழியில் தேங்காயெண்ணெய்கூடச் சீசாவில் உறைகிறதே. அது உடைக்கிறதா?" என்று மாமி என்னை மடக்கினாள்.

சரியான கேள்விதான். எண்ணெய், நெய், மெழுகு எல்லாம் உறையும்போது சுருங்கும். உறைந்த கட்டி, உருகிய எண்ணெயின் அடியில் போய் உட்காரும். பெரும்பாலான பொருள்களுக்கு இதுவே வழக்கம். ஐஸ் கட்டியோ தண்ணீரில் மிதக்கிறது!

திருவிழாக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இடித்துக்கொண்டும் நெருக்கிக்கொண்டும் கொஞ்ச இடத்தில் எத்தனை பேர்! அவர்களையே கோலாட்டத்துக்கு நிறுத்தினால்? ஆளுக்கு ஆள் இடைவெளி வேண்டும், இடம் போதாது. தண்ணீரின் மூலக்கூறுகளும் அப்படித்தான். திரவமாக இருக்கையில் ஒன்றையொன்று பிடிப்பதும் விடுவதுமாக நெருங்கித் திரிகின்றன. உறைந்ததும் ஒவ்வொன்றும் நான்கு அண்டை வீட்டாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அறுகோண வரிசையில் விலகி நிற்கும். நடுவிலெல்லாம் வெற்றிடம். அதனால் 11 டம்ளர் தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 12 டம்ளர் இடம் கேட்கும்.

கொடுக்காவிட்டால் பிடுங்கிக்கொள்ளும். கனடாவில் குவிபெக் நகரில், 1784-85 குளிர்காலத்தில் ஒரு பீரங்கிப் படை அதிகாரி, உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் தண்ணீர் நிரப்பி, அடைத்து, பனியில் வைத்துப் பார்த்தார். அடைப்பு தெறித்துப் பறந்தது. சில குண்டுகள் வெடித்தே போயின. இரும்புக்கே அந்தக் கதி!

தண்ணீருக்குக் கூட்டாளிகள் சிலர் உண்டு: பிஸ்மத், சிலிக்கன், காலியம். காலியம் என்பது உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடும் உலோகம். உறையும்போது விரிவதால், அதையும் கண்ணாடிக் குப்பியில் வைக்க மாட்டார்கள்.

பிரீசருக்குக் கண்ணாடியே வேண்டாம். வேறு பாத்திரமானாலும் கழுத்துவரை நிரப்பாமல், மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

மாமி சம்பளத்தில் பிடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அன்று அந்தப் பெண்ணுக்குப் போன காப்பி, முதல் டிகாக்ஷனில் கலந்தது.