பொய்யைக் கலந்து மெய் காண்போம்

சென்ற பருவத்தில் எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் அமினோ அமிலங்களைத் தாள் வண்ணப்பிரிகை முறையில் பிரித்தோம். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கியதும் ஊதாப் புள்ளிகள் மலர்ந்தன. ஆனால் நான் கணக்கிட்ட மதிப்பு நூலில் உள்ளதோடு ஒத்துவரவில்லை. என்ன செய்தேன்? பதிவேட்டில் நூலின் மதிப்பையே எழுதிவிட்டேன். கையொப்பமும் கிடைத்தது! நண்பர்களே, நம்மில் இதைச் செய்யாதவர் எத்தனை பேர்?

அந்தத் தாள் முறைக்கு உறவான முறையே இன்றைய நீர்ம வண்ணப்பிரிகை. மார்ட்டினும் சிங்கும் வண்ணப்பிரிகைக்காக 1952இல் நோபல் பரிசு பெற்றனர். புரதங்களை மின்தெளிப்பால் அயனிகளாக்கி நிறை காணும் வழியைத் தந்த ஜான் ஃபென் 2002இல் அப்பரிசைப் பகிர்ந்தார். இவ்விரு முறைகளும் இணைந்ததால், ஒரு துளி இரத்தத்தில் கலந்துள்ள எண்ணற்ற புரதங்களில் பலவற்றை இன்று இனங்காண முடிகிறது.

எப்படி? டிரிப்சின் என்னும் நொதி, லைசினும் ஆர்ஜினைனும் உள்ள இடங்களில் புரதங்களை வெட்டுகிறது. துண்டுகள் நுண்குழாயில் பிரிந்து வெவ்வேறு நேரங்களில் வெளிவருகின்றன. அவற்றின் நிறை அளக்கப்படுகிறது. மீண்டும் உடைத்து, உடைந்தவற்றின் நிறையும் அளக்கப்படுகிறது.

ஆனால் கருவி சொல்வது நிறையைத்தான், பெயரை அன்று! அந்த நிறைகளை அறிந்த புரதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, நெருங்கிப் பொருந்துவதைக் கணிப்பொறி தருகிறது. பட்டியலில் இல்லாத புரதத்துக்கும் ஏதோ ஒரு பெயர் பொருந்திவிடலாம். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை உடையவை என்பதையும் மறக்கலாகாது.

இங்கேதான் அறிவியலின் நேர்மை ஒளிர்கிறது. மெய்யான புரத வரிசைகளோடு, அவற்றைத் தலைகீழாக்கிய பொய் வரிசைகளையும் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே கலக்கின்றனர். கணிப்பொறி எத்தனை பொய்களை ஏற்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பிழைகள் மெய்ப் பட்டியலிலும் இருக்கும் எனக் கணிக்கின்றனர். பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிழை வராதபடி வரம்பு வைத்து, அதையும் முடிவுடன் அறிவிக்கின்றனர்.

பெருவிலைக் கருவி வைத்திருப்போர் தம் பிழையை எண்ணிச் சொல்கின்றனர். தாளும் கண்ணாடிச் சாடியும் வைத்திருக்கும் நாமோ பிழையை மறைக்கிறோம்! அக்கருவி நம் கல்லூரிக்கு வராவிடினும், அந்த நேர்மை வருவதற்குச் செலவில்லை. கண்ட மதிப்பை எழுதுவோம்; மாறுபட்டால் காரணம் தேடுவோம். அவ்வாறு எழுதும் மாணவனின் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என ஆசிரியப் பெருமக்களையும் பணிவுடன் வேண்டுகிறேன்.