வாயில் காக்கத்தானா வந்தார்கள்?

ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாளைக் கொடி நாளாகக் கடைப்பிடிக்கிறோம். சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொள்கிறோம். உண்டியலில் சில நாணயங்களை இடுகிறோம். 1949 முதல் தொடரும் வழக்கம் இது. எல்லையில் நிற்கும் வீரரைப் போற்ற நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. ஆனால், அதே வீரர் சீருடையைக் களைந்து, இரும்புப் பெட்டியோடு ஊர்ப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும்போது அவருக்கென நாம் வைத்திருப்பது என்ன? வங்கி வாசலில் ஒரு நாற்காலி. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வருகைப் பதிவேடு.

வாயிற்காவல் இழிந்த தொழில் என்று நாம் கூறவில்லை. நேர்மையான உழைப்பு எதுவாயினும் மதிப்புக்குரியதே. ஆயினும், பதினேழு ஆண்டுகள் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பழுதுபார்த்தவருக்கும், பனிமலைப் பாதைகளில் கனரக வாகனம் ஓட்டியவருக்கும், படை மருத்துவமனையில் காயம்பட்டோரைப் பேணியவருக்கும் அந்த ஒரே கதவுதான் திறக்கும் என்றால், அதனை நன்றியுள்ள சமுதாயத்தின் செயல் என்று எவ்வாறு அழைப்பது?

“ஓய்வூதியம் உண்டு, இராணுவக் கேண்டீன் உண்டு, இட ஒதுக்கீடு உண்டு, இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்போர் நம்மிடையே பலர். அவர்களுக்கு நம் மறுமொழி இதுதான். சிப்பாய்களில் பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெறுகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் பயிலும் காலம் அது. பெற்றோர் நோயுறும் காலமும் அதுவே. நடுவண் அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரர்க்கு 10 விழுக்காடு இடம் உண்டு. ஆனால், அவ்விடங்களில் பெரும்பகுதி நிரப்பப்படாமலே கிடக்கிறது என்பது நாடாளுமன்றத்திலேயே எழுப்பப்பட்ட குறை. ஏட்டில் உள்ள சலுகை அடுப்பில் உலை வைக்குமா?

“படையில் கட்டுப்பாடு கற்றவர், எங்கும் பிழைத்துக்கொள்வார்” என்பது மற்றொரு வாதம். படையில் விடியலுக்கு ஓர் ஊதுகுழல் உண்டு. உணவுக்கு நேரம் உண்டு. ஒவ்வொரு செயலுக்கும் ஆணை உண்டு. இத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகும்போது எவ்வளவு உறுதியான மனமும் தடுமாறும். வீட்டிலோ, இத்தனை ஆண்டுகள் தனித்துக் குடும்பம் நடத்திய மனைவியின் ஒழுங்கு ஒன்று நிலைபெற்றிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை விடுப்பில் வந்தவர், தம் வீட்டிலேயே விருந்தாளியாக உணர்கிறார். அவர் கையில் உள்ள பணத்தை மட்டும் ஊரார் மறப்பதில்லை. கைமாற்றுக் கேட்பவரும், சீட்டு நடத்துபவரும், கவர்ச்சியான வட்டி கூறும் நிதி நிறுவனத்தாரும் வரிசையில் நிற்கின்றனர்.

இச்சிக்கல் இப்போது இளையோரின் தலைமேல் இறங்கியிருக்கிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின்படி படையில் சேர்ந்தோரின் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிலையான பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். எஞ்சியோர்க்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. அறிவிக்கப்பட்ட விதிகளின்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியாகக் கிடைக்கும். அதிலும் ஒரு பாதி, மாதந்தோறும் அவர்கள் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்ட 30 விழுக்காட்டால் ஆனது என்பதை எத்தனை பேர் அறிவர்? 2023 தொடக்கத்தில் பயிற்சிக்களம் புகுந்த முதல் அணியினரின் நான்காண்டு 2027 தொடக்கத்தோடு நிறைவெய்துகிறது. வேலூர் மாவட்டத்தில் ‘இராணுவப்பேட்டை’ என்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள், ஓய்வூதியத்தோடு திரும்பிய தந்தையரை அறியும். இருபத்திரண்டு வயதில் திரும்பும் மகனுக்கு என்ன வழி காட்டும்?

ஆகவே, சில கோரிக்கைகளை உரத்துச் சொல்வோம். மறுவாழ்வுப் பயிற்சி, பணியின் கடைசி மாதங்களில் அவசரமாக ஊட்டும் மருந்தாக இருத்தலாகாது. முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். படையில் கற்ற ஒவ்வொரு தொழிலுக்கும் வெளியுலகம் ஏற்கும் சான்றிதழ் கையோடு தரப்பட வேண்டும். அக்னி வீரர்க்குப் பள்ளிக் கல்வியும் பட்டமும் பெற வழி செய்யப்படும் என 2022இல் கூறப்பட்டது. அது எத்தனை பேருக்குக் கிட்டியது என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிடட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், வீரர் மனுவோடு வந்து வாசலில் நிற்கும்வரை காத்திராமல், அவர் ஊர் திரும்புமுன்னரே அவரோடு தொடர்பு கொள்ளட்டும். முன்னாள் படைவீரர்க்கு வேலை தேடித்தர 1986இல் தமிழக அரசு ‘டெக்ஸ்கோ’ கழகத்தை நிறுவியது. அதன் பணி காவற்பணிகளோடு அமைந்துவிடாமல், தொழில்நுட்பப் பணிகளிலும் விரியட்டும்.

அரசை மட்டும் குறைகூறிக் கைகழுவ நமக்கு உரிமையில்லை. நாம் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் முன்னாள் வீரரை எந்த வேலைக்கு அழைக்கின்றன? ஆய்வுக்கூடத்திற்கா, வாகனப் பராமரிப்புக்கா, அலுவலக மேசைக்கா? அல்லது, நாமும் வாயிற்கதவையே அவரிடம் காட்டுகிறோமா? அடுத்த கொடி நாளன்று உண்டியல் நம்மிடம் வருமுன், நம் ஊரில் எத்தனை வீரர்கள் திரும்பியிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தொழில் தெரியும் என்று வீடு வீடாகச் சென்று கேட்டறிவோம். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நிறுவனத்தாரிடமும் ஊரிலுள்ள தொழில் முனைவோரிடமும் பேசுவோம்.