நொண்டும் வாத்துக்குக் கத்தியா வைத்தியம்?

எமது வளவில் வளரும் வாத்து, கடந்த மாதம் ஒருநாட் காலை எழுந்து நிற்க மறுத்தது. முதல்நாள் மாலைவரை படலையடியில் வருவோர் போவோரையெல்லாம் விரட்டிய பிராணி அது. "இனிக் கறிக்குத்தான் ஆகும்" என்றார் அயலவர். நான் உடன்படவில்லை.

வாத்து நொண்டுவதற்குக் காரணங்கள் பல. உள்ளங்காலில் முள் ஏறிச் சீழ் பிடித்திருக்கலாம். சுளுக்காகவோ முறிவாகவோ இருக்கலாம். கோழித்தீனை மட்டும் தின்று வளரும் குஞ்சுகளுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தும் கால் வளையலாம். கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு அச்சத்து அதிகம் தேவை. காரணம் அறியாமல் கத்தியை எடுப்பது கொடுமை. மனிதருக்கான வலி மாத்திரையை உடைத்துப் புகட்டுவதும் அதற்குக் குறைந்ததல்ல.

மிருக வைத்தியர் சோதித்துச் சுளுக்கு என்றார். வாத்தைச் சீமெந்துத் தரையிலிருந்து அகற்றி, தடித்த வைக்கோற் படுக்கையில் இருத்தினோம். நீரும் தீனும் கழுத்தெட்டும் தூரத்தில் வைத்தோம். நாளுக்கு இருமுறை தொட்டி நீரில் மிதக்கவிட்டோம். உடற்பாரத்தை நீர் தாங்க, கால் சிரமமின்றி அசைந்தது. தூக்கும்போது காலைப் பிடிக்காது, சிறகுகளோடு உடலை அணைத்தே தூக்கினோம். கூட்டமாய் வாழும் பறவையாதலால், அதன் துணையைக் கண்ணெதிரே விட்டுவைத்தோம்.

பன்னிரண்டாம் நாள் அது எழுந்து நடந்தது. நன்கு பராமரித்தால் இருபது ஆண்டுகள்கூட வாழக்கூடிய பறவை இது. அதற்காகப் பன்னிரண்டு நாட் பொறுமை காட்ட இயலாதவர்கள் பிராணி வளர்க்காதிருப்பதே நன்று.

நேற்றுக் காலை அந்த அயலவரையே அது படலைவரை விரட்டிச் சென்றது.