சீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் ஆபத்தா?

டாக்டர் தந்த மருந்துச் சீட்டில், மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று இருக்கிறதா? 'ஐயையோ, மூழ்குற கப்பல் அனுப்புற அபாயச் செய்தியாச்சே!' என்று பதறாதீர்கள். இது லத்தீன். 'சி ஓபஸ் சிட்' என்பதன் சுருக்கம். 'தேவைப்பட்டால் மட்டும்' என்று அர்த்தம். வலிக்குத் தந்த மாத்திரை என்றால், வலி இருந்தால்தான் போட வேண்டும். அதற்கும் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற அளவு உண்டு.

'பி.டி.' தினம் இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை. 'ஓ.டி.' ஒரு வேளை. கண் டாக்டர் சீட்டிலோ அதுவே வலது கண்! எல்லாமே லத்தீன்தான்.

டாக்டருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் புரிந்தால் போதுமா? 'தமிழ்ல எழுதிக் கொடுங்க டாக்டர்' என்று தைரியமாகக் கேளுங்கள். விழுங்கப் போவது நீங்கள்தானே!